தங்கராசுவின் தலையும் என் வயிற்றெரிச்சலும்

பழைய ஆட்களுக்கு ஒரு தேநீர் விருந்து, வந்து புது இயந்திரத்தையும் பார்த்துவிட்டுப் போங்கள் என்று, நான் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஈப்போ மருத்துவமனையிலிருந்து அழைத்திருந்தார்கள். குனோங் ராபாட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் போனேன். கேசரி நன்றாக இருந்தது. இயந்திரம் அதைவிட நன்றாக இருந்தது. அதுதான் பிரச்சினை.

கதிர்ச் சிகிச்சைப் பகுதியில் இப்போது வேலை பார்க்கும் கவிதா என்ற பெண் திரையில் ஒரு மூளையைக் காட்டினாள். சில வருடங்களுக்கு முன் கட்டிக்குக் கதிர் வாங்கிய மூளை. கட்டி திரும்ப வந்துவிட்டது. பழைய கதிர் போன பாதை நீலம், இனிக் கொடுக்கப்போவது சிவப்பு. ஒரு பொத்தானை அழுத்தினாள். நீலத்தின்மேல் சிவப்பு வந்து உட்கார்ந்தது. எந்த மூலை ஏற்கெனவே எவ்வளவு வாங்கியிருக்கிறது, இன்னும் எவ்வளவு தாங்கும் என்று ஓரத்தில் எழுத்து ஓடியது. நான் ஒரு வாய்த் தேநீரை விழுங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

“அங்கிள், உங்க காலத்துல ரெண்டாவது தடவை கொடுக்கணும்னா, பழைய எடத்த எப்படிக் கண்டுபிடிப்பீங்க?”

“முடியப் பாத்து” என்றேன்.

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தக் கட்டடத்தில் காலமெல்லாம் வேடிக்கை பேசியே பிழைத்தவன் நான். அவ்வளவு பெரிய சிரிப்பு எனக்கு ஒரு நாளும் கிடைத்ததில்லை. போயும் போயும் உண்மையைச் சொன்னபோதுதானா கிடைக்க வேண்டும்? வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வயிறு எரிந்தது. அந்தத் திரையைப் பார்த்துப் பொறாமை. பொறாமை எனக்குப் பழகிய சமாசாரம்தான். அதில் எனக்கு நல்ல பயிற்சி கொடுத்தவன் தங்கராசு. அவனைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பிறந்தவன் நான். அப்பா பால்மரம் வெட்டிப் பால் எடுத்தார். நான் அந்த வேலைக்கு லாயக்கில்லை என்பதை அவரும் மரங்களும் சீக்கிரமே கண்டுகொண்டதால் படிக்கப் போனேன். எக்ஸ்ரே இருட்டறையில் படம் கழுவுபவனாகச் சேர்ந்து, பிறகு கோலாலம்பூரில் கதிர்ச் சிகிச்சைப் பயிற்சி முடித்து, எழுபதுகளின் கடைசியில் ஈப்போவுக்கு வந்தேன். நடுவில் உள்ள வருடங்களை விவரித்தால், நான் வகுப்பில் தூங்கியதும் தேர்வில் தப்பியதும்தான் மிஞ்சும். இன்னொன்றும் நடந்தது. இருபத்தேழு வயதுக்குள் என் தலைமுடி முழுவதும் என்னிடம் விடைபெற்றுக்கொண்டது.

எங்கள் மேலதிகாரி டாக்டர் அருளம்பலம் அம்மா. யாழ்ப்பாணத்துப் பூர்வீகம். சத்தம் போட்டுப் பேசி யாரும் கேட்டதில்லை. நோயாளி வந்ததும் படத்தைப் பார்க்கமாட்டார். முதலில் தன் உள்ளங்கையை அவர் தலைமேல் வைப்பார். கொஞ்ச நேரம் அப்படியே இருப்பார். பிறகுதான் படம், பென்சில், அளவுகோல். சிகிச்சை அறைக்குள் வேடிக்கைப் பேச்சுக்கு இடமில்லை என்பது அவர் சட்டம். முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டார்: “உம்மட பகிடி எல்லாம் கதவுக்கு அங்கால, கோவிந்தசாமி.”

அவருக்கு இன்னொரு சட்டமும் உண்டு. மூளைக் கட்டிக்குக் கதிர் கொடுக்கும்போது தலை இம்மியும் அசையக் கூடாது. அதற்காக ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு முகமூடி செய்வோம். புருவத்தில் வாசலின் தடவி, மூக்குக்கு வழி விட்டு, எலும்பு முறிவுக்குப் போடும் மாவுக்கட்டை நனைத்து முகத்தையும் தலையையும் மூடுவோம். காய்ந்ததும் கழற்றி, உள்ளே மாவைக் கரைத்து ஊற்றினால் நோயாளியின் தலை வெள்ளையாக எழுந்து உட்காரும். சூடாக்கிய பிளாஸ்டிக் தகட்டை அந்தத் தலைமேல் போட்டுக் காற்றை உறிஞ்சினால், தகடு அச்சாகப் படிந்துவிடும். அதுதான் முகமூடி. கதிர் எங்கே நுழைய வேண்டும் என்பதற்கான கோடுகளை அதன்மேல் வரைந்து, அதைக் கட்டிலோடு திருகி, அதற்குள் ஆளைப் படுக்க வைப்போம். நோயாளியைப் படுக்க வைக்கும் ஒவ்வொருவனும் முதலில் தனக்கொரு முகமூடி செய்து அதற்குள் படுத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் டாக்டரின் சட்டம்.

“மூச்சு முட்டுறது எப்படி எண்டு தெரிஞ்சு கொள்ளும்” என்றார் என்னிடம்.

நான் படுத்தேன். தூங்கிவிட்டேன். குறட்டைதான் என்னைக் காட்டிக்கொடுத்தது. தண்டனை போல என் முகமூடி, முடியில்லாத தலையோடு, அந்த அறைச் சுவரில் பல வருடம் தொங்கியது.

இனித் தங்கராசு. அவன் என்னோடு அதே தோட்டத்தில், அதே பள்ளியில் படித்தவன். பிறகு ஈப்போவுக்கும் பத்து காஜாவுக்கும் ஓடும் பேருந்தில் கண்டக்டர். அவன் தலைமுடியைப் பற்றி ஒரு பத்தி எழுதலாம். எழுத எனக்கு மனமில்லை. முன்னால் கரிபாப் பலகாரம் மாதிரி மடித்துச் சுருட்டி, பின்பாக்கெட்டில் சீப்பு வைத்திருப்பான் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அவன் சொல்லும் கதையைக் கேட்க, தங்கள் பேருந்தை விட்டுவிட்டு அவன் பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் உண்டு. என் மனைவி சரசு அதில் ஒருத்தி. வீட்டுக்கு வந்து அவன் சொன்னதை எனக்குச் சொல்லிச் சிரிப்பாள். அதே கதையை நான் பத்து வருடத்துக்கு முன்பே அவளிடம் சொல்லியிருப்பேன். அப்போது சிரித்திருக்கமாட்டாள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள், ஓடும் பேருந்தில் அவன் வலிப்பு வந்து விழுந்தான். மூளையின் இடது பக்கத்தில் கட்டி, வேகமாக வளரும் ரகம். கோலாலம்பூரில் அறுவை செய்து, கதிருக்கு எங்களிடம் அனுப்பினார்கள். முதல் நாள் டாக்டர் அவன் தலைமேல் கையை வைத்தார். அவன் சும்மா இருப்பானா? சேவல் கதையை எடுத்துவிட்டான்.

பத்து காஜா சந்தையில் ஒருவர் சேவலோடு பேருந்தில் ஏறினாராம். இறங்கும்போது சேவலை மறந்து சீட்டிலேயே விட்டுவிட்டாராம். அடுத்த நிறுத்தத்தில் செக்கர் ஏறி, இதற்கு டிக்கெட் எங்கே என்று அதட்டினாராம். “ஸ்டாஃப்புக்கு எதுக்கு சார் டிக்கெட்? இவருதான் ரிலீஃப் கண்டக்டர்” என்றானாம் தங்கராசு.

டாக்டர் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். கதவுக்கு இந்தப் பக்கத்தில், அவருடைய சொந்தச் சட்டம் செல்லும் இடத்தில் நின்று சிரித்தார். நான் அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அந்த நிமிடத்தில் அவன் நோயாளி, நான் நல்ல உடம்புக்காரன் என்பது எனக்கு ஞாபகமே இல்லை.

சிகிச்சை நடந்த வாரங்களில் ஆயாம்மா முதல் காவலாளி வரை எல்லாரும் அவன் பக்கம் சேர்ந்துவிட்டார்கள். சரசு அவனுக்கென்று தோசை கட்டிக் கொடுத்தனுப்பினாள். எனக்கு முந்தின நாள் மிஞ்சிய சோறு. கடைசி நாளில் எங்கள் பகுதியில் ஒரு வழக்கம் இருந்தது. உயிரோடிருப்பவனின் முகத்தை மாட்டி வைக்கக் கூடாது என்று குடும்பத்தார் சொல்வதால், நோயாளியே தன் முகமூடியைப் பூசணிக்காய் உடைப்பது போல வாசலில் போட்டு உடைத்துவிட்டுப் போவார். தங்கராசு உடைப்பதற்கு முன்னால் அதை என் முகத்தில் வைத்துப் பார்த்தான். “இப்பதான்லா மச்சான் நீ பாக்கிற மாதிரி இருக்கே” என்றான். பிறகு காலால் மிதித்தான். எல்லாரும் கை தட்டினார்கள்.

தலையின் இரு பக்கமும் கதிர் நுழைந்த இடத்தில் முடி கொட்டிவிட்டது. மற்ற இடங்களில் பழையபடி வளர்ந்தது. அந்தச் சதுரங்களில் மட்டும் திரும்ப வரவில்லை. மேலேயிருந்த முடியை நீளமாக விட்டு, பக்கவாட்டில் சீவி மூடிக்கொண்டான். மறுபடி பேருந்தில் ஏறினான். ஒருமுறை நான் அதில் போனபோது கவனித்தேன். அவனிடம் மிச்சமிருந்ததே என் முழுத் தலையைவிட அதிகம்.

ஏறக்குறைய இரண்டு வருடம் நன்றாக இருந்தான். குணமானால் முருகனுக்கு மொட்டை போடுகிறேன் என்று முதல் தடவையே வேண்டியிருந்தானாம். ஆனால் முடியைப் பிரிய மனம் வராமல் ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் அடுத்த வருடம் என்று தள்ளிக்கொண்டே வந்திருக்கிறான். எனக்கு இது அப்போது தெரியாது.

ஒரு நாள் சரசு பேருந்தில் போய்விட்டுச் சிரிக்காமல் வீட்டுக்கு வந்தாள். தங்கராசு கதையைப் பாதியில் நிறுத்திவிட்டான் என்றாள். முடிவு மறந்துபோய் விழித்தானாம். மறுபடி ஆரம்பித்து, மறுபடி அதே இடத்தில் நின்றானாம். 

கோலாலம்பூரில் ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி பழைய இடத்தை ஒட்டியே திரும்பியிருந்தது. மறுபடி அறுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். படங்களைப் பார்த்துவிட்டு டாக்டர் என்னிடம் நீளமாகப் பேசினார். அப்படிப் பேசுவது அவருக்கு வழக்கமில்லை. இரண்டாவது தடவை கதிர் கொடுத்தால் பேச்சு கொஞ்ச காலம் தங்கும், கொடுக்காவிட்டால் வேகமாகப் போய்விடும். ஆனால் கண் நரம்பும் மூளைத் தண்டும் முதல் தடவையிலேயே தாங்கும் அளவுக்கு வாங்கிவிட்டன. “வாங்கினதை மூளை மறக்காது, கோவிந்தசாமி. பழைய கதிரின்ட எல்லை எங்கை எண்டு நீர் எனக்குக் காட்டினாத்தான் நான் குடுப்பன்.”

எல்லையை எங்கே போய்க் காட்டுவது? கோடு போட்ட முகமூடியைத் தங்கராசு மிதித்து உடைத்துவிட்டான். அப்போது எடுத்த எக்ஸ்ரே படங்கள் கிடங்கின் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிப் பாளமாகியிருந்தன. எவ்வளவு அகலம், எவ்வளவு நீளம், எவ்வளவு கதிர் என்று சிகிச்சை அட்டையில் இருந்தது. அது தலையில் எந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது என்று இல்லை. டாக்டர்தான் சொன்னார்: முடி வளராத அந்தச் சதுரம் இருக்கிறதே, அதன் ஓரத்தைப் பிடித்துப் போகலாம். அவனை வரச் சொல்லும்.

வந்தான். மனைவி பார்வதி கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். தலை முழுக்கச் சந்தனம். சந்தனத்துக்கு அடியில் ஒரு முடி இல்லை.

வேண்டுதலை இழுத்தடித்ததால்தான் நோய் திரும்பியது என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் சொல்ல, வரும் வழியில் குகைக் கோயிலில் மொட்டை அடித்துவிட்டு நேரே வந்திருக்கிறார்கள்.

“சாமிக்குக் கொடுக்க வேண்டியதக் கொடுத்துட்டு வாரோம்ண்ணே. இனிமே வைத்தியம் புடிக்கும்லா?” என்றாள் பார்வதி.

 அவ்வளவு காலமும் அந்தத் தலை மொட்டையாக வேண்டும் என்று மனதுக்குள் ஆசைப்பட்டவன் நான். முருகன் என் விண்ணப்பத்தையும் சேர்த்து அன்றைக்குத்தான் எடுத்துப் பார்த்திருக்கிறார்.

டாக்டர் வழக்கம்போல உள்ளங்கையைத் தலைமேல் வைத்தார். எடுத்தபோது கை மஞ்சளாக இருந்தது. துடைக்கவில்லை. பேனாவைக் காட்டி இது என்ன என்று கேட்டார். “எழுதுறது” என்றான். கைக்கடிகாரத்தைக் காட்டினார். “மணி” என்றான். நீங்கள் என்ன வேலை என்று கேட்டார்.

தங்கராசு வாயைத் திறந்தான். வலது கையை உயர்த்தி டிக்கெட்டில் ஓட்டை போடுவது போல இரண்டு தரம் அழுத்திக் காட்டினான். “அது... அந்த...” என்றான். பிறகு என்னைப் பார்த்தான். எனக்கு நாக்கு நுனியில் இருந்தது. சொல்லாதே என்று டாக்டர் கண்ணைக் காட்டினார். பார்வதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் கை மட்டும் காற்றில் டிக்கெட்டுக்கு ஓட்டை போட்டுக்கொண்டே இருந்தது.

அவன் வயிற்றுப்பிழைப்பின் பெயரே அவனிடம் இல்லை. சேவல் கதையின் கடைசிச் சொல்லும் அதுதான்.

மூளை வீக்கம் வடிய மருந்து கொடுத்து அவனை வார்டில் சேர்த்தார் டாக்டர். முடி முளைக்கக் காத்திருப்போம், கட்டி அதற்குள் முந்தாமல் இருக்கட்டும் என்றார். காலையில் வேலை தொடங்கும் முன் ஒரு மேசை விளக்கை எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போய் அவன் தலையைப் பார்ப்பது என் பொறுப்பு. விளக்கை நேராகப் பிடித்தால் ஒன்றும் தெரியாது. பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் முளைக்கும் முடியின் நிழல் விழும். முதல் சில நாட்கள் நிழலும் இல்லை. பக்கத்துக் கட்டில்காரர், இரண்டு வழுக்கைத் தலைகள் ஒன்றையொன்று விளக்கு வைத்துப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு நர்ஸைக் கூப்பிட்டார்.

சரசு எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தனுப்பினாள். செம்பருத்தி, கரிசலாங்கண்ணி, இன்னும் என்னென்னவோ. கல்யாணமான புதிதில் என் தலைக்குக் காய்ச்சி, பலனில்லை என்று கைவிட்ட அதே எண்ணெய். எனக்கு அடுப்பைப் பற்றவைக்கச் சோம்பல்பட்டு நிறுத்தியவள், அவனுக்கென்று புதுச் சட்டி வாங்கியிருந்தாள். கதிர் கொடுக்கும் தோலில் எண்ணெய் படக் கூடாது என்று டாக்டர் தடுத்துவிட்டார். எனக்கு அதில் கொஞ்சம் ஆறுதல்.

ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். இன்னொருத்தன் தலையில் முடி முளைக்க வேண்டும் என்று நான் அவன் கட்டிலருகில் நின்று சாமி கும்பிட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். என் தலைக்குக்கூட அப்படிக் கும்பிட்டதில்லை. அதற்குள் அவன் பேச்சு நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டிருந்தது. பேச முயன்று முடியாமல், என் வழுக்கையைத் தடவி, தன் மொட்டையைத் தடவி, “போத்தாக்... போத்தாக்” என்பான். மலாயில் வழுக்கை என்று அர்த்தம். அந்தச் சொல் மட்டும் அவனை விட்டுப் போகவே இல்லை. என்னைக் கிண்டல் செய்யும் சொல்லை மூளை எங்கேயோ பத்திரமாக வைத்திருக்கிறது பாருங்கள்.

ஒரு காலை, விளக்கைச் சாய்த்தேன். காதுக்கு மேலே, பின்னந்தலையில், உச்சியில் எல்லாம் மெல்லிய கறுப்பு. அவற்றுக்கு நடுவே, பக்கவாட்டில் மட்டும் சுத்தமாக வெறுமை. மறுநடவுக்கு மரங்களைச் சாய்த்த தோட்டத்துப் பிளாக் மாதிரி ஓரம் வெட்டினாற்போல. நான் ஓடவில்லை, நடந்துதான் போனேன் என்று சொல்ல ஆசை. ஆயாம்மா கழுவிவிட்டிருந்த தரையில் வழுக்கி விழுந்து, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு டாக்டரிடம் போய்ச் சேர்ந்தேன்.

டாக்டர் தானே வந்து பார்த்தார். கறுப்பு நிற்கும் ஓரத்தையொட்டி அழியாத ஊதாப் பென்சிலை நனைத்துக் கோடு இழுத்தார். முடிக்கும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஈரம் காயுமுன் மாவுக்கட்டைச் சுற்றச் சொன்னார். தோலில் போட்ட கோடு கட்டின் உட்புறத்தில் ஒட்டும். அதிலிருந்து மாவுத் தலைக்கு வரும். அங்கிருந்து முகமூடிக்கு வரைந்துகொள்ளலாம். அட்டையிலிருந்த அளவை அதன்மேல் வைத்துப் பார்த்தோம். அகலமும் நீளமும் பொருந்தின. பழைய கதிரின் எல்லை எங்கள் கண்ணெதிரே ஊதா நிறத்தில் இருந்தது.

“இனிக் குடுக்கலாம்” என்றார் டாக்டர். குறைந்த அளவு, சின்னச் சதுரம். பழைய வழியில் போகாமல் உச்சியிலிருந்தும் பின்னாலிருந்தும்.

அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. உச்சியும் பின்னந்தலையும்தான் முடி முளைத்த இடம். நான் கும்பிட்டு வரவழைத்த முடி வழியாகத்தான் கதிர் போக வேண்டும். தினமும் முகமூடியைத் திருகி, வெளிச்சச் சதுரத்தைக் கோட்டில் பொருத்தி, கனத்த கதவை மூடி, பொத்தானை அழுத்துவது நான். சில வாரங்களில் தலையணையில் அரிசித் தூள் மாதிரி முடித்துணுக்குகள். தங்கராசு அதைச் சுட்டு விரலால் ஒற்றியெடுத்து என்னிடம் நீட்டினான்.

“நீதான்லா... கும்பிட்டே. நீயே... புடுங்கறே.”

ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுத்துத்தான் சொன்னான். ஆனால் சொன்னான். வந்த நாளிலிருந்து அவன் பேசிய முதல் முழு வேடிக்கை அது. நான் சிரிப்பதற்குப் பதில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சிகிச்சை முடிந்து அடுத்த மாதம் பரிசோதனைக்கு வந்தபோது கைத்தாங்கல் இல்லாமல் நடந்து வந்தான். தலையில் தொப்பி. டாக்டர் தலைமேல் கை வைப்பதற்குள் ஆரம்பித்துவிட்டான். பத்து காஜா சந்தை, சேவல், சீட்டு. மெதுவாகத்தான் வந்தது. செக்கர் ஏறினார். டிக்கெட் எங்கே என்றார். “ஸ்டாஃப்புக்கு எதுக்கு சார் டிக்கெட்? இவருதான் ரிலீஃப்...”

நின்றுவிட்டான். பார்வதி நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்தாள். டாக்டர் மேசையில் இருந்த பேனாவைப் பார்த்தார். என் உதடு எனக்குத் தெரியாமலே அசைந்தது. தங்கராசு ஒவ்வொருவர் முகத்தையும் நிதானமாகப் பார்த்தான். கடைசியில் என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினான்.

“...கண்டக்டர்.”

படுபாவி, வேண்டுமென்றே நிறுத்தியிருக்கிறான். டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். சிரித்தார், துடைத்தார், மறுபடி சிரித்தார். என் வயிறு எரிந்தது. அவ்வளவு சந்தோஷமாக அது எப்போதும் எரிந்ததில்லை.

அடுத்த தீபாவளி வரை இருந்தான். பேருந்துக்குத் திரும்பவில்லை, ஆனால் பத்து காஜா பேருந்து நிலையத்தில் போய் உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டிருந்தான். பிறகு கட்டி அவனை விடவில்லை. சாவு வீட்டில் கால் வைக்க இடமில்லை. அவன் வேலை பார்த்த தடத்தின் பேருந்து ஒன்றைத் தெரு முனையில் நிறுத்திவிட்டு, டிரைவர் பயணிகளோடு இறங்கி வந்து கும்பிட்டுப் போனார். என் சாவுக்கு இதில் பாதிக் கூட்டம் வருமா என்று அங்கேயும் நான் கணக்குப் போட்டேன். வராது.

டாக்டர் அருளம்பலம் எண்பதுகளின் கடைசியில் ஓய்வுபெற்றார். பிரிவு விருந்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். கதவுக்கு அங்கால இருக்கிறோம் என்ற தைரியத்தில், நானே சொந்தமாக யோசித்து வைத்திருந்த ஒன்றைச் சொன்னேன். சுவரில் தொங்கிய என் முகமூடியை அரையிருட்டில் பார்த்த என் மனைவி, நான்தான் என்று நினைத்துக் கால் மணி நேரம் திட்டிவிட்டு வெளியே வந்தாளாம். “இன்னிக்குத்தான் மனுஷன் எதிர்த்துப் பேசாம கேட்டாரு” என்றாளாம்.

டாக்டர் சிரித்தார். என் பேச்சுக்கு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. கண்ணாடியைக் கழற்றினார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு அருகில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அது தங்கராசுவின்ட பகிடியெல்லே, கோவிந்தசாமி?”

அவர் கண் இன்னும் ஈரமாக இருந்தது.

“ஆமா டாக்டர்” என்றேன். “அவனோடதுதான்.”